பத்து விரல் மருதாணி

என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன். பேசியது அரபு நாட்டில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த தியாகதுருகத்துத் தம்பி. "அண்ணி, பயப்படாதீங்க, அண்ணனுக்கு லேசா அடி" என்றான். லேசான அடிக்கு எவன் வேலை நேரத்தில் கடல் தாண்டி போன் போடுவான்? "தம்பி, உயிரு கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்று கத்தினேன். காட்டில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "கீது அண்ணி" என்றான். சொன்னதுமே அழுதுவிட்டான்.

அவர் அந்த நாட்டுக்குப் போனதே உயிரோடு இருக்கத்தான். எங்கள் வீடு கருணாபுரத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. கள்ளச்சாராயம் குடித்து அந்தப் பக்கமே செத்துக் கிடந்தபோது, அவரோடு மூட்டை தூக்கிய கூட்டாளிகள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அன்றைக்கு அவர் என் அம்மா வீட்டில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்தார். அதனால் பிழைத்தார். எல்லாக் கருமாதியும் முடிந்த பிறகு, "இங்கியே இருந்தா நானும் ஒரு நாளு குடிச்சிட்டுப் போய்ச் சேந்துருவேன். எங்கனா போய்டறேன்" என்றார். சாராயமே கிடைக்காத நாடாகப் பார்த்துப் போனார். அங்கே போய்ச் சாரத்திலிருந்து விழுந்தார். இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

தலையில் அடி. மூச்சை மெஷின்தான் இழுத்து விடுகிறது, அவர் இனிமேல் கண் திறக்க மாட்டார், மனைவி ஒரு தடவை வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கம்பெனிக்காரர்கள் விசாவும் டிக்கெட்டும் அனுப்புவதாகச் சொன்னார்கள். பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. போன வருஷமே அவர்தான் எடுக்கச் சொன்னார். "ஒரு தபா வந்து ஊர சுத்திப் பாத்துட்டுப் போ" என்பார். "யோவ், நீ இன்னா அங்க ஜமீனா, நான் வந்து சுத்திப் பாக்க?" என்று நான் கிண்டல் செய்வேன். இப்போது அந்த பாஸ்போர்ட்டை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்தேன். சுத்திப் பார்க்கத்தான் போகிறேனாக்கும் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

விசா வருவதற்குள் ஒவ்வொரு நாளும் ஒரு யுகமாகப் போனது. தியாகதுருகத்துத் தம்பி காலையும் மாலையும் பேசுவான். இன்றைக்குக் காய்ச்சல் ஜாஸ்தி, இன்றைக்குக் கம்மி, சிறுநீர் போகிறது, போகவில்லை. அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். மகள் என் அம்மா வீட்டில் இருந்தாள். "அப்பாவ கூட்டிக்கினு வாம்மா" என்று போனில் சொன்னாள். சரி என்றேன்.

இதற்கிடையில் என் மாமியார் ஒரு நாள் விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப் போனாள். மலைமேல் குறி சொல்லும் ஒருவரிடம் கேட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்தாள். கையில் ஒரு பை நிறைய மருதாணி இலை. "கட்டினவ கை செவக்கச் செவக்கப் போயி அவன் நெஞ்சு மேல வைக்கணுமாம். வெறுங்கையோட போனா உயிரு நிக்காதாம்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்த, அவரு மூக்குல கொழா சொருவிக்கினு படுத்துனு கீறாரு. நான் இன்னா கல்யாணத்துக்கா போறேன்? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்" என்றேன்.

"சிரிக்கட்டும். எம் புள்ள எனக்கு வேணும்."

புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் அம்மியில் உட்கார்ந்து அரைத்தாள். நன்றாகக் கறுத்துச் சிவக்க வேண்டும் என்று மலையிலிருந்து கொண்டுவந்த கடுக்காயையும் தட்டிப் போட்டாள். எலுமிச்சம்பழம் பிழிந்தாள். உள்ளங்கையில் ஒரு வட்டம், பத்து விரல் நுனிக்கும் கனமாகத் தொப்பி. எங்கள் பக்கம் மருதாணி என்றால் அதுதான், கடையில் விற்கும் கூம்பை வைத்துப் பூவும் கொடியும் வரைவது எல்லாம் இப்போது வந்தது. அவள் என் ஒவ்வொரு விரலையும் பிடித்து அப்பும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். நான் பாதி கோபமாகவும் பாதி நம்பிக்கையாகவும் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், நானும் நம்பினேன். டாக்டர் கைவிரித்துவிட்டால் அதற்கப்புறம் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டாமா மனுஷனுக்கு?

காலையில் கழுவினால் விரல்கள் பத்தும் ஏறக்குறைய கறுப்பு. வாசலில் கூடியிருந்த பெண்கள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அடியே, இம்மாம் செவப்பா? புருசன் மேல அவ்ளோ ஆசயாடி ஒனக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழவும் ஆரம்பித்துவிட்டாள். மாமியார் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் என்னைத் தொட்டு அப்படி எதுவும் செய்தவள் இல்லை. எனக்கும் தைரியம் வந்த மாதிரி இருந்தது.

வேன் வருவதற்கு முன்னால் தியாகதுருகத்துத் தம்பி வீடியோவில் வந்தான். அங்கே இறங்கியதும் எந்தப் பக்கம் வர வேண்டும், யார் வண்டி எடுத்து வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"அண்ணி, அது இன்னா கையில?"

"மருதாணி. எங்க அத்த வேண்டுதலு."

"ஐயோ அண்ணி, இங்க ஏர்போர்ட்ல வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் பத்து விரலும் ரேகை எடுப்பாங்க. கண்ணாடி மேல வைக்கணும். தப்பு பண்ணி வெளிய அனுப்புனவங்க வேற பாஸ்போர்ட்ல திரும்ப வந்துடக் கூடாதுன்னு அத வச்சிதான் புடிக்கிறாங்க. நம்ம சைட்டு ஆளு ஒருத்தரோட சம்சாரம் மருதாணி போட்டுக்கினு வந்து, மெஷின் எடுக்காம, ரொம்ப நேரம் ஒக்கார வச்சிட்டாங்க. எப்படினா அத கழுவிடுங்க."

"மருதாணிய எப்பிடி தம்பி கழுவுறது?"

"தெரியல அண்ணி. ஆனா சீக்கிரமா வாங்க. அண்ணனுக்கு பிரஷர் எறங்கிக்கினே போவுது. இன்னைக்கி தாண்டாதுன்னு நர்சு சொல்றாங்க."

உட்கார வைத்தார்கள் என்றானே, அப்புறம் அவளை உள்ளே விட்டார்களா இல்லையா என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. வாசலில் இருந்த அத்தனை பேரில் ஒருத்திக்குக்கூட அது தோன்றவில்லை. ரொம்ப நேரம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. அவருக்கு ஏது ரொம்ப நேரம்?

அதற்குப் பிறகு வாசலே ரகளையானது. ஒருத்தி எலுமிச்சம்பழமும் சோப்பும் கொண்டுவந்தாள். ஒருத்தி சமையல் சோடா. ஒருத்தி பல் துலக்கும் பேஸ்ட்டைப் பிதுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். யாரோ பிளீச்சிங் பவுடர் என்றார்கள், யாரோ பெட்ரோல் என்றார்கள். நான் துணி துவைக்கும் கல்லின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தேன். உள்ளங்கை எரிந்தது. நிறம் கொஞ்சமும் அசையவில்லை. கடுக்காய் போட்ட மருதாணி, போகுமா? அதுவரை ஒன்றும் புரியாமல் நின்ற மாமியாருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

"அடிப்பாவி! இன்னாடி பண்ற? தாலி கழுத்துல இருக்கும்போதே மருதாணிய அழிக்கிறியே! எம் புள்ள உயிர அழிக்கிறியேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"மருதாணி இருந்தா என்ன உள்ளயே வுட மாட்டாங்க அத்த! அப்புறம் கைய யாரு நெஞ்சுல வைப்பேன்?"

"அது எப்பிடி வுட மாட்டான்? கை செவந்துனு வர்றவள எவன் தடுப்பான்?"

எனக்கே விளங்காத விஷயம். நான் திரும்பவும் தேய்த்தேன். அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள், நான் உதறினேன். வேன்காரர் ஹாரன் அடித்தார். விழுந்து கும்பிடக்கூட நேரமில்லை. அவளை அப்படியே மண்ணில் விட்டுவிட்டு ஏறினேன்.

சென்னை வரைக்கும் துணைக்கு என் அண்ணன் வந்தான். அவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். உளுந்தூர்பேட்டை வரைக்கும் நான் எச்சில் தொட்டுத் தொட்டுச் சேலையில் விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம் தன் வேலைப் பையைத் துழாவி ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்தான். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பழைய சுவரைச் சுரண்டித் தேய்க்கிற சொரசொரப்பான தாள்.

"செவுத்துல எவ்ளோ பழைய பெயிண்டா இருந்தாலும் இது எடுத்துரும். கைய குடு. மேல்தோல லேசா எடுத்துட்டா செவப்பு பூடும். உள்ள இருக்கிற தோலு சுத்தமாதான இருக்கும்."

சரியாகத்தான் பட்டது. இருவருக்குமே சரியாகத்தான் பட்டது. சுவரில் அப்படித்தானே செய்கிறார்கள். அவன் என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்தான். சின்ன வயதில் காலில் முள் எடுக்கும்போது செய்வது போல ஊதி ஊதித் தேய்த்தான். "வலிக்குதா?" என்று கேட்டான். "தேய்" என்றேன். செங்கல்பட்டு தாண்டும்போது விரல் நுனிகள் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டன. நகத்தோரம் மட்டும் கறுப்பு நின்றது. இரண்டு மூன்று விரல்களில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்தது. பரவாயில்லை, மருதாணி போய்விட்டது என்று எங்கள் இருவருக்கும் ஒரு நிம்மதி. சென்னை விமான நிலைய வாசலில் அவன் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப எடுத்துக்கும்" என்றான்.

விமானத்தில் ஜன்னல் பக்கம் இடம். முதல் தடவை பறக்கிறேன், கீழே ஒன்றையும் பார்க்கவில்லை. ஈரக் கைக்குட்டையில் விரல்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, போனதும் அவரிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். கண் திறக்காதவருக்குக் காது கேட்கும் என்று எங்கோ படித்திருந்தேன். திட்டிப் பேசினால் எழுந்து உட்கார்வாரோ என்றுகூட நினைத்தேன். நான் போய் அவரைத் தொட வேண்டும், அது போதும். தொட்டால் ஏதாவது நடக்கும். அந்த நினைப்பை விட்டால் விமானத்திலிருந்து குதித்துவிடுவேன் என்று இருந்தது.

அங்கே இறங்கியதும் நீளமான வரிசை. எல்லாம் நம்மைப் போன்ற வேலைக்கார முகங்கள். என் முறை வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இளவயது அதிகாரி ஒருவர். சின்னக் கண்ணாடிப் பலகை, அதிலிருந்து பச்சை வெளிச்சம். வலது கை நான்கு விரல்களையும் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வைத்தேன். மெஷின் கூவியது. துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார். வைத்தேன். அவரே என் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார், எரிச்சலில் உயிர் போனது. சத்தம் போடவில்லை. இடது கை. கட்டைவிரல்கள். எதற்கும் அந்த மெஷின் மசியவில்லை. கண்ணாடியில் சிவப்பாக ஈரம் படிந்தது. அதைப் பார்த்ததும் அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. எழுந்து போய் இன்னொருவரை அழைத்து வந்தார்.

என்னை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். நான் தமிழில் கத்தினேன், அவர்கள் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார்கள். அப்புறம் வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். நாகப்பட்டினம் பக்கத்துப் பெண், அந்த ஊரில் ரொம்ப வருஷமாக இருப்பவள், அவர்கள் பேச்சு தெரிந்தவள். அவள் வாயிலிருந்து "அக்கா" என்று ஒரு சொல் வந்ததும் நான் அவள் மேல் சாய்ந்து அழுதுவிட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் நடுவயது மேலதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் கேட்பதை இவள் சொன்னாள்.

"அக்கா, இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களான்னு கேக்குறாரு. வேற பேர்ல?"

"நான் திருக்கோவிலூர தாண்டிப் போனதே நாலஞ்சி தபாதான்னு சொல்லு தங்கச்சி."

"ஏன் விரலைத் தேய்ச்சீங்கன்னு கேக்குறாரு."

சொன்னேன். மாமியார், மலை, குறி, மருதாணி, கடுக்காய், அண்ணன், உப்புத்தாள், எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவள் என்னை நிறுத்தினாள். "அக்கா, சாமி கதையெல்லாம் சொன்னா நம்ப மாட்டாங்க. நான் சுருக்கமா சொல்றேன்" என்று ஏதோ சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"இன்னா சொல்றாரு? சொல்லு."

"மருதாணி எங்களுக்கும் தெரியும், எங்க அம்மாவும் போடுவாங்கன்னு சொல்றாரு அக்கா. மருதாணியோட பொம்பளைங்க தினம் வர்றாங்களாம். கொஞ்சம் உக்கார வைப்போம், கண்ண படம் எடுப்போம், அனுப்பிடுவோம்ங்கிறாரு. ஆனா ரேகைய தேய்ச்சி எடுத்துட்டு வர்றவங்க, முன்னாடி தப்பு பண்ணி வெளிய அனுப்புனவங்கதானாம். பழைய ஆளுங்களோட விரல் மட்டும்தான் இவங்ககிட்ட இருக்கு, கண்ணு இல்ல. அதனால விரல் இல்லாம விடக் கூடாதுன்னு சட்டமாம். நாட்டுப் பாதுகாப்புங்கிறாரு."

மருதாணியோடு வந்திருந்தால் விட்டிருப்பார்களாம். அந்தக் கறுத்த விரலோடு, மாமியார் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தக் கையோடு, அப்படியே வந்திருந்தால் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு அனுப்பியிருப்பார்களாம்.

"நாட்ட பாதுகாக்கிறாராமா? என்கிட்ட இருந்தா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "கேளு தங்கச்சி. நான் இன்னா குண்டா எடுத்துனு வந்தேன்? எம் புருசன் இவங்க வூட்டுக்குத்தான சாரம் கட்டினாரு? இவங்க செவுத்துக்குத்தான ஏறினாரு? அவரு ரேகைய எடுத்துக்கினு உள்ள வுட்டாங்கல்ல? அதே ரேகைய வச்சி என்ன வுடச் சொல்லு!"

அவள் அதைச் சொன்னாளோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிப் படத்தைக் காட்டினேன். கம்பெனி கொடுத்த தாளைக் காட்டினேன். கல்யாணப் படத்தைக் காட்டினேன். அவர் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுப் பேசினார். அப்படி ஒருவர் அங்கே இருக்கிறார், நிலைமை மோசம்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். மேலே யாரிடமோ கேட்டார். இரண்டு தடவை எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார், விரலுக்குப் போட மருந்தும் பஞ்சும் தந்தார். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போனது. கடைசியில் தோல் வளர்ந்த பிறகு வாருங்கள் என்றார். அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார்களாம்.

தோல் வளர்ந்த பிறகு! நான் தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்தேன். அவர் பதறிப் பின்னால் போனார். நான் எழுந்து ஓடிப்போய் அந்த அறைக்கு வெளியே இருந்த இன்னொரு மெஷினில் கையை வைத்தேன். வைத்து அழுத்தினேன். "எடு, எடு, எடுத்துக்க" என்று அதனிடம் கெஞ்சினேன். காவலுக்கு நின்ற பெண் என்னைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளும் அழுத்திப் பிடிக்கவில்லை, குழந்தையைப் பிடிப்பது போலத்தான் பிடித்தாள். அதுவும் எனக்குத் தாங்கவில்லை.

என் போனில் அந்த நாட்டில் சிக்னல் வரவில்லை. நாகப்பட்டினத்துத் தங்கச்சி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தன் போனை என் மடியில் வைத்தாள். "வீடியோ போடுங்கக்கா. சீக்கிரம் பேசிடுங்க" என்றாள். பஞ்சு சுற்றிய விரலால் எண்ணை அழுத்த முடியவில்லை. அவள்தான் அழுத்தினாள்.

தியாகதுருகத்துத் தம்பி எடுத்த எடுப்பில், "அண்ணி, எங்க இருக்கீங்க? வண்டி வெளிய நிக்குது, அரை மணி நேரத்துல வந்துரலாம்" என்றான். நான் சொன்னேன். "டாக்டரு உங்களுக்காகத்தான் காத்துக்கினு கீறாரு அண்ணி" என்றான். "ரெண்டு தபா இதயம் நின்னு போச்சி. நீங்க வர்ற வரைக்கும்னு அடிச்சி அடிச்சி எழுப்பி வச்சிக் கீறாங்க. நெஞ்செல்லாம் கன்னிப்போய்க் கெடக்குது."

"காட்டு" என்றேன்.

காட்டினான். வாயில் குழாய், தலை முழுக்கக் கட்டு, முகம் வீங்கி இரண்டு மடங்காகிவிட்டது. மீசையை வழித்துவிட்டிருந்தார்கள். நெஞ்சு கறுத்துக் கிடந்தது. மெஷின் ஊதும்போது மேலே ஏறும், அப்புறம் இறங்கும். அரை மணி நேர தூரத்தில் இருக்கிறார். இதே படத்தை என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டே பார்த்திருக்கலாம்.

"காதுல வை தம்பி" என்றேன். வைத்தான். எனக்குத் திரையில் கட்டுத்துணி மட்டும்தான் தெரிந்தது.

"யோவ், நான் வந்துட்டேன்யா" என்றேன். "கதவாண்டதான் நிக்கிறேன். உள்ள வுட மாட்டேன்றாங்க, இரு, கேட்டுக்கினு கீறேன்." மெஷின் ஊதுகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை. நான் ஊர்க்கதை சொன்னேன். மகள் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாள் என்றேன். அவர் அம்மா நன்றாக இருக்கிறாள் என்றேன். அவரை அடித்து அடித்து எழுப்புகிறார்கள் என்று தம்பி சொன்னது என் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. யாருக்காக? நான் வருவேன் என்று. நான் எங்கே வருவது? காவல்காரப் பெண் கதவைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

எனக்கு அப்போதுதான் உண்மையைச் சொல்ல வாய் வந்தது. "இந்தாய்யா, கேளு. நான் சொன்னது பொய்யி. நான் வரல. என்ன திருப்பி அனுப்புறாங்க. நீ எனக்காக அடி வாங்கிக்கினு கெடக்காத. போதும்யா, நீ பட்டது. நீ போ. பொண்ண நான் பாத்துக்கறேன். நீ போயா."

"அண்ணி, இன்னா சொல்றீங்க!" என்று தம்பி அங்கே கதறினான். டாக்டரிடமும் சொல்லிவிடு, இனிமேல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு அந்தக் காவல்காரப் பெண்ணின் பின்னால் நடந்தேன்.

சென்னையில் இறங்கி போனைத் திறந்தபோது செய்தி வந்திருந்தது. விமானம் கிளம்புவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டதில்லை அந்த மனுஷன். அந்த ஒன்றை மட்டும் உடனே கேட்டார்.